சறுக்கும் வித்தை

“ஆனைக்கும் அடி சறுக்கும்” என்பது நம்மவர் நாவில் அன்றாடம் புரளும் பழமொழி. சறுக்குதல் என்ற சொல்லைத் தமிழ் மக்கள் என்றும் தவறுதலோடும் வீழ்ச்சியோடுமே சேர்த்து வழங்கி வந்திருக்கின்றனர். வரப்பிலே கால் சறுக்கினால் சேறு. வாழ்விலே கால் சறுக்கினால் பழி. மழைக்காலத்தில் பிள்ளையை வெளியே அனுப்பும் தாய் கூறும் எச்சரிக்கையும், முதியவர் இளைஞருக்குக் கூறும் அறிவுரையும் “சறுக்கி விடாதே” என்பதுதான். அப்படியிருக்க, சறுக்குவதையே முயன்று பயின்று, அதை அளந்து மதிப்பெண் இட்டு, பரிசும் பாராட்டும் வழங்கும் ஒரு வித்தை உலகில் உண்டு என்று கேட்டால் நம் வாசகர்களிற் பலர் வியப்படைவர். ஆனால், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வியப்படைய மாட்டார்கள். அவர்களுக்கு அது நன்கு தெரியும். கார்ப் பந்தய வீடியோ விளையாட்டுகளில் ‘டிரிஃப்ட்’ என வழங்கும் அவ்வித்தையைப் பற்றியும், அதற்கென வண்டியைப் பதப்படுத்தும் ‘டியூனிங்’ என்னும் கலையைப் பற்றியும் நாம் கண்டறிந்தவற்றை இங்கே எடுத்துரைக்க எண்ணுகிறோம்.

அரபு இலக்கணமும் ஃபிக்ஹும் ஓதிக் கொடுக்கும் ஓர் ஆசிரியருக்குக் கார்ப் பந்தயத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்த வேலை நம்மைத் தேடி வந்தது. நாம் வாழும் மூலனூர், தாராபுரத்திலிருந்து கரூர் செல்லும் சாலையில் அமைந்த ஊர். மானாவாரி வெள்ளாமையும் முருங்கையும் பருத்தியும் இவ்வட்டாரத்தின் செல்வங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் நடைபெறும் நாளில் ஊர் கலகலப்பாக இருக்கும். ஏனைய நாள்களில் இளைஞரின் கண்ணெல்லாம் திருப்பூரின் மீதே இருக்கும். பனியன் கம்பெனி வண்டிகள் வந்து ஆள்களை ஏற்றிச் செல்லும். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைக்கு இங்கே இரண்டு வழிகள் கண்ணுக்குத் தெரியும்: ஒன்று கம்பெனி வண்டி, மற்றொன்று வளைகுடா விமானம். நம் தங்கையின் கணவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரியாதில் ஓட்டுநராகப் பணிபுரிகிறார். அவருடைய ஒரே மகன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறான். வயது 19.

சென்ற ஆண்டு அப்பிள்ளைக்கு இரண்டு தாள்களில் அரியர் விழுந்தது. அச்செய்தியோடு இன்னொரு செய்தியும் ரியாதை எட்டியது. விடுமுறைகளில் திருப்பூர்க் கம்பெனி ஒன்றில் ‘செக்கிங்’ வேலைக்குச் சென்று, ஒன்றரை ஷிப்ட் நின்று சேர்த்த பணத்தில் அவன் ஒரு பழைய ஸ்டீயரிங் சக்கரமும் பெடல்களும் வாங்கிக் கணினியோடு இணைத்து, இரவெல்லாம் கார்ப் பந்தயம் ஆடுகிறான் என்பதே அது. அதிலும் அவன் ஆடுவது சறுக்கி ஓட்டும் பந்தயம் என்று கேள்விப்பட்டதும் தந்தையின் சினம் எல்லை கடந்தது. நமக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்தது. “மச்சான், நீங்க ஓதினவங்க. அந்தச் சக்கரத்தை வித்துட்டு, பையனைக் கம்பெனி வண்டியில ஏத்தி விடுங்க. படிச்சது போதும்” என்றார். தங்கையோ கண்ணீரோடு, “அண்ணே, படிப்பை மட்டும் நிறுத்திடாதீங்க, நீங்க பார்த்து ஒரு முடிவு சொல்லுங்க” என்றாள். ஒரு பிள்ளையின் படிப்பும், ஒரு தந்தையின் அச்சமும், ஒரு தாயின் கண்ணீரும் நம் முன் வைக்கப்பட்டன.

மதரஸாக்களில் ஓதிய எவரும் அறிந்த ஒரு விதி உண்டு. ஒரு பொருளைக் குறித்த தீர்ப்பு, அப்பொருளை உள்ளவாறு உள்ளத்தில் உருவகித்துக் கொள்வதன் கிளையே என்பது அவ்விதி. வேர் இல்லாமல் கிளை ஏது? பொருள் இன்னதென அறியாமல் ஆகும், ஆகாது என்று கூறுவது, நோயாளியைக் காணாமலே மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும். ஆகவே, நாம் மச்சானிடம் சில நாள் தவணை கேட்டோம். இஷாத் தொழுகைக்குப் பின் தங்கை வீட்டுக்குச் சென்று, மருமகனின் பக்கத்தில் ஒரு நாற்காலி இட்டு அமர்ந்தோம். “இன்றைக்கு நீ உஸ்தாத், நாம் மாணவர். முதல் பாடத்தைத் தொடங்கு” என்றோம். அவன் தயங்கினான், பிறகு சிரித்தான்.

முதற் பாடம் டயரைப் பற்றியது. ஒரு டயருக்குத் தரையைப் பற்றிக் கொள்ளும் ஆற்றல் ஓர் அளவுக்கே உண்டு. முன்னே உந்துவதற்கும், வேகத்தைக் குறைப்பதற்கும், பக்கவாட்டில் திரும்புவதற்கும் அந்த ஓர் அளவிலிருந்தே செலவிட்டாக வேண்டும். மாதச் சம்பளக்காரர் வீட்டுக் கணக்கைப் போன்றது இது. ஒன்றுக்கு மிகுதியாகச் செலவிட்டால் மற்றொன்றுக்கு மிஞ்சாது. பின்சக்கரங்களால் உந்தப்படும் ஒரு காரில், வளைவின் நடுவே ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தாலோ, கை பிரேக்கைச் சட்டென்று இழுத்தாலோ, பின் டயர்களின் கையிருப்பு தீர்ந்து விடுகிறது. அவை பிடியை இழந்து பக்கவாட்டில் வழுக்குகின்றன. வண்டியின் வால் வெளிப்புறம் வீசுகிறது. பழக்கமில்லாதவன் கையில் வண்டி அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி நின்று விடும், அல்லது கவிழும்.

பழகியவனோ அந்நேரத்தில் ஸ்டீயரிங்கை எதிர்ப்புறம் திருப்புகிறான். வளைவு இடப்புறம் செல்ல, முன்சக்கரங்கள் வலப்புறம் நோக்குகின்றன. ஆக்ஸிலேட்டரை முழுதும் விடாமலும் முழுதும் மிதிக்காமலும், வீணையின் தந்தியை அழுத்துவது போல் அளந்து மிதிக்கிறான். பின்சக்கரங்கள் சறுக்கிக் கொண்டே இருக்கும். ஆனால் வண்டி சுற்றி விடாது. “மாமா, வண்டி பார்க்கிற திசை வேற, வண்டி போற திசை வேற. இந்த இரண்டுக்கும் நடுவுல இருக்கிற கோணத்தைக் கையில வச்சிருக்கணும். அதுதான் டிரிஃப்ட்” என்றான் மருமகன். நாம் அதற்குச் ‘சறுக்கோட்டம்’ என்று தமிழ்ப் பெயர் இட்டோம். பிடியை இழப்பது வேறு. இழக்க வேண்டிய அளவுக்கு மட்டும் இழந்து எஞ்சியதைக் காப்பது வேறு. போட்டிகளில் நடுவர்கள் விரைவை மட்டும் பார்த்து மதிப்பெண் இடுவதில்லை. குறித்த பாதையில் வண்டி சென்றதா, கோணம் எவ்வளவு, ஓட்டம் தடுமாறாமல் இழைந்து வந்ததா என்றே பார்க்கின்றனர். இரண்டு வண்டிகள் இணைந்து ஓடும் சுற்றில், பின்னே வருபவன் முன்னவனை மோதாமலும் விட்டுப் பிரியாமலும் அவனுடைய கோணத்தையே ஒட்டி வர வேண்டும்.

இவ்வித்தையின் பிறப்பிடம் ஜப்பான். 1961இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வென்ற முதல் ஜப்பானியரான குனிமிட்சு தகஹாஷி, பின்னர்க் கார்ப் பந்தயத்துக்கு வந்து, 1970களில் வளைவுகளைச் சறுக்கியவாறே கடந்து பார்வையாளரை மயக்கினார். அதைக் கண்டு பயின்ற கெய்ச்சி சுச்சியா, மலைப்பாதைகளில் பழகி, ‘டிரிஃப்ட் மன்னர்’ என்னும் பெயர் பெற்றார். நம் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கண்டவர்கள், ஜப்பானிய மலைப்பாதைகளையும் ஒருவாறு கற்பனை செய்து கொள்ளலாம். 1995இல் ஷுய்ச்சி ஷிகெனோ என்பவர் எழுதி வரையத் தொடங்கிய ‘இனிஷியல் டி’ என்னும் சித்திரக் கதை இக்கலையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அக்கதையின் நாயகன், தந்தையின் கடையிலிருந்து சோயாப் பாலாடைக் கட்டியை விடியற்காலையில் மலைமேல் கொண்டு சென்று கொடுக்கும் ஒரு சிறுவன். 2001இல் ஜப்பானில் இதற்கெனவே ‘டி1 கிராண்ட் பிரி’ என்னும் போட்டித் தொடர் எழுந்தது.

விளையாட்டு இயந்திரங்களும் இதைக் கைக்கொண்டன. 1993இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘ரிட்ஜ் ரேசர்’ ஆட்டத்திலேயே வளைவில் சறுக்குவது இன்றியமையாத உத்தியாக இருந்தது. 1997இல் வந்த ‘கிரான் டூரிஸ்மோ’, காரின் பாகங்களை மாற்றிப் பதப்படுத்தும் வழியை ஆடுவோர் கையில் கொடுத்தது. நம் மருமகன் ஆடும் ‘அசெட்டோ கோர்ஸா’ 2014இல் இத்தாலியர் வெளியிட்டது. டயரின் வெப்பமும் தேய்மானமும் கூட அதில் கணக்கிடப்படுகின்றன. இணையத்தின் வழியே பல நாட்டு இளைஞர்கள் ஒரே திடலில் கூடி ஆடுகின்றனர். மூலனூரில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைக்குப் பின்னால் ஒட்டி வருபவன் ஜகார்த்தாவில் இருக்கலாம், இஸ்தான்புல்லில் இருக்கலாம்.

இரண்டாம் பாடம் பதப்படுத்தலைப் பற்றியது. இதுதான் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. திரையில் ஓர் அட்டவணை தோன்றியது. சக்கரத்தின் சாய்வு, டயரின் காற்றழுத்தம், ஸ்பிரிங்கின் விறைப்பு, கியர் விகிதம், பிரேக்கின் முன்பின் பங்கீடு என்று வரிசையாகப் பல எண்கள். புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: எஞ்சினின் குதிரைத்திறனைக் கூட்டுவார்கள். வண்டி புகையைக் கக்கிக் கொண்டு நின்ற இடத்திலேயே சுழலும். “பவர் கடைசி மாமா. முதல்ல பிடிப்பு, அப்புறம் சமநிலை” என்றான் அவன். முன்சக்கரங்களின் மேற்பகுதியைச் சற்று உட்புறமாகச் சாய்த்து வைக்கிறான்; வண்டி ஒரு பக்கம் சாயும் வேளையில் அச்சக்கரம் தரையில் நன்கு படிவதற்காக. பின்சக்கரங்களை ஏறத்தாழ நேராகவே நிறுத்துகிறான். உந்தும் டயர் முழு அகலமும் தரையில் இருப்பதற்காக. டிஃபரென்ஷியலைப் பூட்டி விடுகிறான். இரு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழன்று, ஒன்றாகப் பிடி விட்டு ஒன்றாகப் பிடிப்பதற்காக. ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வைக் கூட்டுகிறான். வண்டி சறுக்கத் தொடங்கியதும் சக்கரம் தானாகவே எதிர்ப்புறம் ஓடித் திரும்புவதற்காக. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னான். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டுமே மாற்றி, ஓட்டிப் பார்த்து, ஒரு நோட்டில் குறித்துக் கொண்டான். அந்த நோட்டை நாம் புரட்டிப் பார்த்தோம். தேதி, மாற்றிய எண், கண்ட பலன் என மூன்று பத்திகள். அரியர் விழுந்த பிள்ளையின் நோட்டு அது!

நம்மிடம் சிறுவயதில் ஓதிய ஒருவர் இப்போது திருப்பூரில் நிட்டிங் ஃபிட்டராக இருக்கிறார். அவரிடம் இதைக் கூறியபோது அவர் சிரித்து விட்டுச் சொன்னார்: “எங்க மிஷினும் அதேதான் ஹஸ்ரத். துணி கனமா வேணும்னா கண்ணி நீளத்தைக் குறைப்போம். அதையே அளவுக்கு மேல குறைச்சா நூல் அறும், ஊசி உடையும். ஒண்ணைத் தொட்டா ஒன்பது நகரும்.” பொருள்கள் வேறானாலும் நுட்பம் ஒன்றே. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். எதைக் குறைத்து எதைப் பெறுவது என்னும் தேர்விலேதான் அறிவு இருக்கிறது.

இதைச் சிந்திக்கும்போது நமக்கு ஓர் அரபுச் சொல் நினைவுக்கு வந்தது. ‘தள்மீர்’ என்பது அச்சொல். பந்தயத்துக்கென ஒரு குதிரையை முதலில் நன்கு தீனியிட்டுக் கொழுக்க வைத்து, பின்னர் தீனியைப் படிப்படியாகக் குறைத்து, மூடிய கொட்டிலில் போர்வைகளைப் போர்த்தி வியர்க்கச் செய்து, தசை இறுகி உடல் இலேசாகும்படி பதப்படுத்தும் முறைக்கு அரபிகள் இட்ட பெயர் அது. டியூனிங் என்பது இக்காலத்துத் தள்மீரே அன்றி வேறென்ன? நம் பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அறிவித்திருக்கின்றார்கள். அதில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பதப்படுத்தப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, அதாவது ஐந்து அல்லது ஆறு மைல் தொலைவு குறிக்கப்பட்டது. பதப்படுத்தப்படாத குதிரைகளுக்கோ ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறத்தாழ ஒரு மைல் மட்டுமே. பதப்படாத குதிரை பந்தயத்தினின்று விலக்கப்படவில்லை. அதன் நிலைக்கேற்ற தொலைவு அதற்குத் தரப்பட்டது. இராவுத்தர் என்ற சொல்லே குதிரை வீரனைக் குறிப்பது. நம் வட்டாரத்தில் அப்பெயரைத் தாங்கும் குடும்பங்கள் பல. கொங்கு நாட்டின் ரேக்ளா பந்தயத்தில் காங்கேயம் காளைகள் பாய்வதைக் காணாதவரும் நம்மில் குறைவு. ஓட்டத்தின் மீது இளமைக்குள்ள வேட்கை கணினியோடு பிறந்ததன்று.

மோட்டார்ப் பந்தயமும் தமிழகத்துக்குப் புதியதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்திலே பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் திடல் எழுந்தது. கோவையில் எஸ். கரிவரதன், இந்நாட்டிலேயே பந்தயக் கார்களை வடிவமைத்து இளைஞர்க்கு வழி திறந்தார். 1995இல் அவர் விமான விபத்தில் மறைந்த பின், அவர் பெயரால் செட்டிபாளையத்தில் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ அமைந்தது. அதே கோவையிலிருந்து சென்ற நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரச் சாலைப் பந்தயமும் நடந்தேறியது. இவை அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூடப்பட்ட பாதை, தடுப்புச் சுவர், தலைக்கவசம், மருத்துவ வண்டி, நடுவர் ஆகிய ஐந்தும் இன்றி எதுவும் நடைபெறுவதில்லை.

இனி மச்சானின் அச்சத்துக்கு வருவோம். அது வெறும் கோபமன்று. கண்ணாற் கண்டதன் விளைவு. அரபு நாடுகளில் இந்தச் சறுக்கோட்டத்துக்கு ‘தஃப்ஹீத்’ என்றும் ‘ஹஜ்வலா’ என்றும் பேச்சு வழக்கில் பெயர்கள் உண்டு. 1970களின் எண்ணெய்ச் செல்வத்தோடு அகன்ற நெடுஞ்சாலைகளும் கார்களும் பெருகியபோது, ரியாத் நகரின் புறச்சாலைகளில் இளைஞர்கள் இரவு நேரங்களில் கூடிச் சறுக்கி ஓட்டலாயினர். திடலில்லை, தடுப்பில்லை, சாலையின் இருமருங்கிலும் கூட்டம் நிற்கும். எத்தனையோ உயிர்கள் மாய்ந்தன. 2016இல் சவூதி அரசு போக்குவரத்துச் சட்டத்தைக் கடுமையாக்கி, முதன்முறை பிடிபட்டால் 20,000 ரியால் தண்டமும் 15 நாள் வண்டி முடக்கமும், மூன்றாம் முறை 60,000 ரியால் வரை தண்டமும் விதித்தது. மச்சானோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர், வேலை முடிந்து சாலையோரம் நடந்து வந்தபோது, சறுக்கி வந்த கார் மோதிக் கால் ஒன்றை இழந்து ஊர் திரும்பினார். அவரை விமான நிலையத்துக்குக் கொண்டு சென்று விட்டவர் நம் மச்சானே. தம் மகன் அதே வித்தையை வீட்டில் அமர்ந்து பயில்கிறான் என்று கேட்டால் எந்தத் தந்தைக்குத்தான் நெஞ்சு பதறாது?

அதே அரபு நாடுகளில் மற்றொரு செய்தியும் உண்டு. 2008இல் லெபனானில் அப்து ஃபெகாலி என்னும் பந்தய வீரரை முன்னிறுத்தி, ‘ரெட் புல் கார் பார்க் டிரிஃப்ட்’ என்ற போட்டி தொடங்கப்பட்டுப் பல நாடுகளுக்கும் பரவியது. சாலையில் உயிரைப் பறித்த அதே வித்தை, தடுப்புகளுக்குள்ளே வைக்கப்பட்டபோது விளையாட்டாயிற்று. வித்தையில் மாற்றமில்லை, இடத்தில்தான் மாற்றம்.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு ஓர் இரவு மருமகனிடம் கேட்டோம்: “வண்டி சுவரில் மோதினால் என்ன செய்வாய்?” அவன் ஸ்டீயரிங்கிலிருந்த ஒரு பொத்தானை அழுத்திக் காட்டினான். நொறுங்கிய கார் மறைந்தது. புத்தம் புதிய கார் தொடக்கக் கோட்டில் நின்றது. “ஒரு நாளைக்கு எத்தனை முறை அழுத்துவாய்?” என்று கேட்டோம். “ஐம்பது, அறுபது இருக்கும் மாமா” என்றான். “தாராபுரம் சாலையில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது?” என்றோம். அவன் விடை கூறவில்லை. நெடுநேரம் திரையையே பார்த்துக் கொண்டிருந்தான்.

அப்போது அவனே ஒரு வரலாற்றைக் கூறினான். ஜேன் மார்டன்பரோ என்னும் பிரிட்டிஷ் இளைஞர், கிரான் டூரிஸ்மோ ஆட்டத்தில் வென்று, 2011இல் ‘ஜிடி அகாடமி’ போட்டியின் வழியே உண்மையான பந்தய வீரரானார். 2013இல் பிரான்சின் 24 மணி நேர லெ மான் பந்தயத்திலும் ஓடினார். 2023இல் அவர் கதை திரைப்படமாகவும் வந்தது. ஆனால் 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்கிரிங் திடலில் அவருடைய கார் மேட்டில் எழும்பித் தடுப்பைத் தாண்டி விழுந்ததில், பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். “அந்த ஆளுக்கு மறுபடியும் ஸ்டார்ட் இல்ல மாமா” என்றான். நாம் கேட்ட கேள்விக்கு அவன் தேடிக் கண்ட விடை இது.

இவ்விளையாட்டுகளில் வேறு இரண்டு கேடுகளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஒன்று பணம். இரு தரப்பும் பணம் வைத்து, வென்றவன் எடுத்துக் கொள்வது சூது. அது குதிரையில் நடந்தாலும் திரையில் நடந்தாலும் ஒன்றே. சில ஆட்டங்களில், உள்ளே என்ன இருக்கிறதென அறியாமலே காசு கொடுத்து வாங்கும் பரிசுப் பெட்டிகளும் உண்டு. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடுத்து, திறமை கொண்டு போட்டியிடும் இ-ஸ்போர்ட்ஸை அவற்றினின்று பிரித்து ஏற்றிருக்கிறது. நம் ஃபிக்ஹு நூல்கள் பந்தயத்தையும் சூதையும் பிரிக்கும் கோடும் இதுவேதான். மற்றொன்று நேரம். பல நாட்டார் கூடும் ஆட்டத்துக்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. நம் ஊரில் நள்ளிரவு கடந்தாலும் எங்கோ ஒருவன் மாலைத் தேநீர் அருந்திவிட்டு வந்து அழைப்பான். ஃபஜ்ரைப் பறித்துச் செல்லும் விளையாட்டு எதுவாயினும் அது களவாடும் விளையாட்டே. மருமகனுக்கு அரியர் விழுந்ததும் இந்த வாயிலாகத்தான்.

மச்சான் விடுமுறைக்கு வந்தார். நாம் எந்தத் தீர்ப்பும் கூறுமுன், “முதலில் நீங்கள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்” என்றோம். இருபது ஆண்டுகள் கார் ஓட்டிய கை அது. அமர்ந்தார், முதல் வளைவிலேயே வண்டி சுற்றி நின்றது. மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் அதே கதி. மகன் வாயைப் பொத்திக் கொண்டான். மச்சான் இறங்கி வந்து சொன்னார்: “இதுல ஒண்ணு குறையுது மச்சான். வண்டியை நாங்க கண்ணால மட்டும் ஓட்டறதில்ல; முதுகாலயும் ஓட்டறோம். பின்னாடி டயர் விலகறதை முதல்ல முதுகுதான் சொல்லும். இங்க நாற்காலி பேசவே மாட்டேங்குது.” மகன் எழுந்து நின்றான். “அதேதான் அத்தா! அதனாலதான் ஸ்டீயரிங்ல வர்ற அதிர்வை மட்டும் வச்சு ஓட்டணும்” என்றான். பிறகு கேட்டான்: “ரியாத்ல முதல் மழை பெய்யறப்போ வண்டி வழுக்கினா என்ன பண்ணுவீங்க?” தந்தை கையை எடுத்துக் காட்டினார்: “பிரேக்கைத் தொடமாட்டேன். காலை மெல்ல எடுப்பேன். வால் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புவேன்.” “இதைத்தான் அத்தா நான் ஒரு வருஷமா கத்துக்கிட்டேன்” என்றான் மகன். தந்தையும் மகனும் அன்றிரவு டயரையும் தரையையும் பற்றிப் பேசினர். தொலைபேசியில் அரியரையும் செலவையும் தவிர வேறொன்றும் பேசியறியாத இருவர் அவர்கள். தங்கை வாசலில் நின்று கேட்டுக் கொண்டிருந்தாள்.

அதன் பின்னர் நாம் கூறிய முடிவு சுருக்கமானது. சக்கரத்தை விற்க வேண்டா. படிப்பையும் நிறுத்த வேண்டா. இரவு பத்து மணிக்கு மேல் கணினி அணைய வேண்டும். தேர்வுக்கு முந்திய மாதம் சக்கரம் தாயின் அலமாரியில் இருக்க வேண்டும். ஆட்டத்தில் ஒரு ரூபாயும் போகவும் கூடாது, வரவும் கூடாது. சாலையில் எந்த வண்டியிலும் சறுக்க முயன்றதாக ஒரு சொல் காதில் விழுந்தால், அன்றே எல்லாம் முடிவுறும். நான்கையும் மருமகன் ஒப்புக் கொண்டான். மச்சான் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்: எண்களைக் குறித்த அந்த நோட்டைப் போலவே பாட நோட்டும் இருக்க வேண்டும் என்றார். அடுத்த தேர்வில் ஓர் அரியர் கழிந்தது. மற்றொன்று இன்னும் எஞ்சியுள்ளது, படித்துக் கொண்டிருக்கிறான்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் திரையின் முன் என்ன செய்கிறார்கள் என்பதை அறிய ஒரு நாற்காலியும் சில இரவுகளும் போதும். அறிந்த பின் தடுக்க வேண்டியதைத் தடுங்கள்; அந்தத் தடைக்குப் பிள்ளையின் உள்ளத்தில் மதிப்பிருக்கும். அறியாமலே தடுத்தால், அவன் உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குச் செல்வான். அவ்விடம் தடுப்புச் சுவரில்லாத சாலையாகவும் இருக்கலாம். இளைஞர்களே! வண்டியைச் சறுக்க விடுவது எவர்க்கும் எளிது. சறுக்கும்போதும் அதைத் தன் வசத்தில் வைத்திருப்பதே வித்தை. அதற்கும் ஒரு திடல் உண்டு, ஓர் எல்லை உண்டு. பதப்பட்ட குதிரைக்கு ஆறு மைல். பதப்படாத குதிரைக்கு ஒரு மைல். எவருக்கு எத்தனை மைல் என்று கணித்துக் கொடுப்பது பெரியோர் கடமை. கொடுத்த மைலை நேர்மையாக ஓடி முடித்து, அடுத்த மைலுக்குத் தகுதி பெறுவது இளையோர் கடமை.